நாற்பத்தொரு முகங்கள்

சங்கரேஸ்வரி சமன் குறிக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டே தட்டுவாள். தட்டச்சில் ஹையர் தேறிய காலத்துப் பழக்கம். கம்ப்யூட்டரில் கட்டளை தட்டும் கறுப்புத் திரை அதை ஏற்கவில்லை. f என்று ஒரு கட்டளையே கிடையாது என்றது. அவள் கட்டளை எதுவும் இடவில்லை. f என்ற எழுத்துக்குள் ஒரு பெயரைப் போட்டு வைக்கப் பார்த்தாள், அவ்வளவுதான்.

தென்காசியில் ஹைருன் பீவியின் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவளுடையது. வடகரைப் பள்ளிக்கூடத்தின் முன்னூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அடையாள அட்டை. ஒவ்வொரு படத்தின் ஃபைலுக்கும் ஆசிரியர் தந்த பட்டியலைப் பார்த்து, இனிஷியல், ஓர் இடைவெளி, பெயர் என்று இரண்டு நாள் தட்டி வைத்திருந்தாள். பிறகுதான் அச்சடிக்கும் பிரஸ்ஸிலிருந்து செய்தி வந்தது, இடைவெளி உள்ள பெயரை எங்கள் மெஷின் எடுக்காது என்று. திங்கட்கிழமைக்குள் படங்கள் போக வேண்டும். வியாழக்கிழமை கன்னியாகுமரிச் சுற்றுலா. அட்டை இல்லாத பிள்ளை பஸ்ஸில் ஏறக் கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

இனிஷியலை எடுத்துவிட்டால் இடைவெளியும் போய்விடும். அட்டையில்தான் இனிஷியல் தனியாக வரப்போகிறதே. கையால் இன்னும் இரண்டு நாள் தட்டுவதற்குப் பதில் நாலு வரி கட்டளை எழுதினால் மெஷினே செய்யும் என்று பஸ்ஸில் பார்த்த வீடியோவில் ஒருவர் சொன்னார்.

சமன் குறியை ஒட்டி இடமே விடக் கூடாதாம். உள்ளே போடும்போது வெறும் f. எடுக்கும்போது முன்னால் டாலர் குறி. அதையும் மேற்கோளுக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் M தனி ஆள், பேராச்சி தனி ஆள் என்று எடுத்துக்கொள்ளும். do என்று தொடங்கியதை done என்று முடிக்க வேண்டும். அவள் done போட மறந்தாள். திரையில் > என்று ஒரு குறி மட்டும் நின்றது. வேலை நடக்கிறது என்று நினைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தாள்.

"ஏட்டி, மெஷின் உன்னப் பாத்து முழிக்கி, நீ மெஷினப் பாத்து முழிக்க. ரெண்டு பேருல யாருட்டி வேல செய்யுதீய?" என்றாள் ஹைருன் பீவி.

"அது நான் சொல்லி முடிக்கட்டும்னு இருந்திருக்குக்கா. நான் அது முடிக்கட்டும்னு இருந்திருக்கேன்."

done என்று தட்டினாள். திரை ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாளாகத் திட்டிக்கொண்டிருந்தது வாய் மூடியதே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பெயர்களில் இனிஷியல் இல்லை, இடைவெளி இல்லை. எண்ணிப் பார்த்தாள். இருநூற்று எழுபத்தொன்று.

மறுபடி எண்ணினாள். அதே கணக்கு.

பட்டியலை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பள்ளியில் நாலு பேராச்சி. வீட்டில் ஹர்ஷிதா, தன்யா என்று கூப்பிட்டாலும் பதிவேட்டில் குலதெய்வத்தின் பெயர்தான். திரையில் இருந்தது ஒரே ஒரு பேராச்சி, ஆறாம் வகுப்பு வி. பேராச்சி. எம்மும் பியும் எஸ்ஸும் இல்லை. இசக்கியம்மாள் நாலு பேரில் ஒருத்தி. மாடசாமி ஆறு பேரில் ஒருவன். இப்படியே இன்னும் பல பெயர்கள். இனிஷியல் போனதும் எல்லாருக்கும் ஒரே பெயர். பின்னால் வந்த படம் முன்னால் இருந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

"கார்டு எங்கக்கா? கேமரா கார்டு."

"காலைல அழிச்சிட்டுத்தானே ஐந்தருவிக்குக் கொண்டு போனேன். சீசன் கூட்டம், நானூறு படம் எடுத்துருக்கேன். ஏன்?"

அவள் சொன்னாள். ஹைருன் பீவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒருத்தி இருக்கா, மேல இன்னொருத்திய வைக்கட்டுமான்னு ஒரு வார்த்த கேக்காதா அது?"

கேட்குமாம். பெயர் மாற்றும் mv என்ற கட்டளையோடு -i என்று சேர்த்தால் கேட்கும் என்று அந்த வீடியோவிலேயே கடைசியில் இருந்தது. கேள் என்று நாம் சொன்னால்தான் கேட்கும். அது சங்கரேஸ்வரிக்குப் பிடிபடவே இல்லை. கேட்கத் தெரிந்தது எதற்காகக் கேட்காமல் இருக்கிறது?

படம் எடுக்க ஏற்பாடு செய்த ஆசிரியர் ஏசுவடியானுக்குப் போன் செய்தாள்.

"சார், நாப்பத்தொரு பிள்ளையளோட படம் அழிஞ்சிட்டு. தப்பு என்னோடதுதான்."

"நாப்பத்தொண்ணா? வைரஸ்ஸா?"

"இல்ல சார். பேரு."

"பேரா?"

அவள் விளக்கினாள். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. விளக்க விளக்க அவளுக்கே குழம்பியது. "திங்கக்கிழம பிரேயருக்கு முன்னால வந்து எடுத்துருங்கம்மா. மத்தியானத்துக்குள்ள பிரஸ்ஸுக்குப் போயிரணும். ஒரு பிள்ள விட்டுப்போனாலும் அதுக்க அம்மா என்னைத்தான் புடிப்பா" என்றார்.

திங்கட்கிழமை சாரலில் நனைந்த தலையோடு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஹைருன் பீவி வெள்ளைத் துணியைச் சுவரில் கட்டினாள். சங்கரேஸ்வரி ஒரு துண்டால் ஒவ்வொரு தலையாகத் துடைத்துவிட்டாள்.

"போன வாரந்தான் எடுத்தீங்களே. நான் எங்க போனேன்?" என்றாள் எம். பேராச்சி.

சங்கரேஸ்வரி யோசித்தாள். "உன் மேல வேற ஒரு பேராச்சி வந்து ஒக்காந்துட்டா."

சிறுமி திரும்பிப் பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்ற எஸ். பேராச்சி, "நான் ஒண்ணும் ஒக்காரல" என்றாள்.