துண்டு சீக்கிரம் காய்ந்த ஊர்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

எழுத உட்கார்ந்தபோது வழக்கம்போல முதலில் ஒரு பட்டியல் போட்டேன். பிறந்த ஊர், படிப்பு, வேலை, திருமணம், குணங்கள், நோய், மறைவு. அப்பாவின் ஒரே தங்கையான என் அத்தை அதை வாங்கிப் பார்த்தார். ‘நோய்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

“இருதய நோயை எழுதிக்கோ. அந்த இன்னொண்ணை எழுதாதே. பொண்ணு பார்க்க வர்றவங்க கையில இந்தப் புஸ்தகம் கிடைச்சா என்னடி ஆகும்?”

“படிக்கட்டும் அத்தை. படிச்ச பிறகும் வந்தாங்கன்னா நல்ல குடும்பம்.”

அத்தை முறைத்தார். ஆனாலும் விரலை எடுத்துவிட்டார். அதனால் எழுதுகிறேன். என் அப்பாவுக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. அதை அவர் வென்றார்.

அப்பா பிறந்தது வால்பாறை மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டித் தந்த லயன் வீட்டில். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டார். சில ஆண்டுகள் கழித்துத் தோட்டத்துத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் பிரிவில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். தூளை ஒரு கை அள்ளி நசுக்கினால் போதும், ஈரம் எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவார். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். தங்கையின் திருமணத்தையும் என் டிப்ளமோ படிப்பையும் அந்த ஒரு சம்பளத்திலேயே நடத்தி முடித்தவர்.

வால்பாறையில் ஜூன் மாதம் மழை பிடித்தால் வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது. ஐம்பது வயதைத் தாண்டிய பின், அந்த மாதங்களில் அப்பாவுக்குள் ஏதோ அணைந்துபோகும். முதலில் பேச்சு குறையும். பிறகு சாப்பாடு. பிறகு குளிப்பதைக்கூட நிறுத்திவிடுவார். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஜூலையில், கோவையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் விடுப்பில் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த அப்பா, திரும்பாமலே சொன்னார்: “நான் இருந்தது போதும் பாப்பா.”

மறுநாளே கோவைக்கு அழைத்துப்போய் மனநல மருத்துவரிடம் காட்டினேன். மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார். வெளிச்சம் அதிகமுள்ள ஊரில் இருந்தால் இவருக்கு நல்லது என்றும் சொன்னார். ஓய்வு பெற்றால் லயன் வீட்டை எப்படியும் காலி செய்ய வேண்டும். எந்த ஊருக்குப் போவது என்பதுதான் மீதமிருந்த கேள்வி. நான் ஓர் அட்டவணை தயாரித்தேன். வாடகை, மருத்துவர் இருக்கும் தூரம், பேருந்து, தண்ணீர், படி ஏறத் தேவையில்லாத வீடு, எனக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு என்று கட்டங்கள் போட்டு அப்பாவிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“துணி காயுமா?” என்று கேட்டார்.

அந்தக் கட்டம் என் அட்டவணையில் இல்லை. மலையில் மழைக்காலத்துத் துணியை அடுப்புக்கு மேல் கயிறு கட்டித்தான் உலர்த்துவோம், புகை வாசத்தோடுதான் உடுத்துவோம். அப்பா கேட்டது சரியான அளவுகோல் என்று எனக்குப் பட்டது.

அதே மழைக்காலத்தில், விடுமுறை நாட்களில், ஒரே ஒரு பருத்தித் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு நான் இருந்த கோவை உட்பட ஐந்து ஊர்களில் வீடு பார்த்தேன். போன இடமெல்லாம் துண்டை நனைத்து, பிழிந்து, காயப்போட்டு மணி பார்த்தேன். பொள்ளாச்சியில் சாரல் விழுந்து துண்டு மறுபடி நனைந்தது. கோவையில் வாடகை எட்டவில்லை. சேலத்தில் கிடைத்த வீடு மூன்றாம் மாடியில் இருந்தது, அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. குமாரபாளையத்தில் துண்டு நன்றாகக் காய்ந்தது. ஆனால் வீடு விசைத்தறிக் கூடத்தை ஒட்டியிருந்தது. கடைசியாகப் போனது நாமக்கல் பக்கத்துப் புதுச்சத்திரம். தோட்டத்துக்குள் இருந்த வாடகை வீட்டின் முன்னால் துண்டை விரித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரம்மா பழனியம்மாள் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங் கண்ணு, ஊடு பாக்க வந்தீங்களா, துணி தொவைக்க வந்தீங்களா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“இதுக்கு மணி வேற பாக்கோணுமாக்கும்? உள்ள வாங்க சாமி. காப்பி குடிச்சுட்டு வாரதுக்குள்ள காஞ்சிரும்.”

காப்பி குடித்து, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தபோது துண்டு மொடமொடவென்று இருந்தது. வாடகை எங்களால் முடிகிற அளவு. நாமக்கல்லில் மனநல மருத்துவர் இருந்தார். அங்கேயே ஒரு கோழித்தீவன ஆலையில் கருவிகளைப் பராமரிக்கும் வேலையும் எனக்குக் கிடைத்தது. அத்தை தொலைபேசியில் பொரிந்தார். “காசு இருக்கிறவன் எல்லாம் மலைக்கு ஏறுறான். நீ எங்க அண்ணனைக் கீழ இறக்கி வெயில்ல வறுக்கப் போறியா?”

அப்பா ஓய்வு பெற்றதும் குடிவந்தோம். இரண்டு மாதங்களில் அப்பா முன்னைவிட ஒடுங்கிப்போனார். மாத்திரை தவறவில்லை, ஆனாலும் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அத்தை சொன்னதுதான் சரியோ என்று பயந்தேன். பிறந்த மண்ணிலிருந்து அவரைப் பெயர்த்து வந்து பாழாக்கிவிட்டேனோ என்று, அட்டவணையை எடுத்து ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தேன். தவறு அட்டவணையில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழனியம்மாள் கதவைத் தட்டியபோதுதான் தவறு எங்கே என்று தெரிந்தது.

“ஏனுங்ண்ணா, பட்டப்பகல்ல ஊட்டை இப்படிச் சாத்தி வெச்சிருக்கறீங்க? வெய்யில் உள்ள வந்தா வாடகையைக் கூட்டிருவன்னு பயமுங்களா?”

அப்பா எழுந்து உட்கார்ந்து மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார். “திறந்து வெச்சா மிஸ்ட்டு உள்ளே வந்துரும்மா.”

மலையில் மூடுபனி உள்ளே வந்தால் பாய், போர்வை எல்லாம் நனைந்துவிடும். அதனால் கதவு, ஜன்னல்களைச் சாத்தியே வைப்போம். சமவெளிக்கு வந்த பிறகும் நாங்கள் மூவரும் அதையே செய்துகொண்டிருந்தோம். வெயிலைத் தேடி இவ்வளவு தூரம் வந்து, வெயிலை வெளியே நிறுத்தியிருந்தோம். ஐந்து ஊர் அளந்து பார்த்த எனக்கும் அது உறைக்கவில்லை.

பழனியம்மாள் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை. “மிஸ்ட்டுங்களா? அது இந்த ஊருக்கு வருமுன்னாச் சொல்லுங்க, மேளம் வெச்சுக் கூட்டிட்டு வாரேன்!”

முதலில் அம்மா சிரித்தார். பிறகு அப்பா சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். அப்புறம் தானே எழுந்துபோய் ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக நீக்கினார்.

மறுநாள் காலை பழனியம்மாள் அவரைச் சோளம் காயும் களத்துக்குக் கூப்பிட்டார். “சும்மாதான உக்காந்திருக்கறீங்க, இங்க வந்து உக்காந்து காக்கா முடுக்குங்க.” அப்பா போய்க் காக்கைகளை விரட்டினார். ஒரு வாரத்தில் சோளத்தைக் கிளறிவிடுவது அவர் வேலையானது. ஒரு மாதத்தில், எந்தக் குவியல் ஆலைக்குப் போகலாம் என்று அவர்தான் சொன்னார். ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார், அவ்வளவுதான். ஒருநாள் ஆலையில் அனுமதி கேட்டு ஈரம் அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்து சோதித்தேன். அப்பா சொன்னதும் மீட்டர் காட்டியதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

“பரவாயில்லை, உன் மீட்டர் பாஸாயிருச்சு” என்றார்.

வெயில் மட்டும் அவரைக் குணப்படுத்தியது என்று எழுதினால் அது பொய். மருத்துவர் குறைக்கச் சொல்லும்வரை அப்பா ஒரு வேளை மாத்திரையும் விட்டதில்லை. வெயில், மருந்து, வேலை, பேச்சுத்துணை எல்லாம் சேர்ந்துதான் அவரைத் தூக்கி நிறுத்தின. அடுத்த ஆண்டு ஜூலை வந்தபோது நானும் அம்மாவும் தினமும் அவர் தட்டை ஓரக்கண்ணால் பார்த்தோம். ஒவ்வொரு வேளையும் தட்டைக் காலி செய்தார். ஆகஸ்டில் ஒருநாள் நாட்காட்டியைப் பார்த்து அப்பா கேட்டார்: “அட, ஜூலை முடிஞ்சிருச்சா?” அம்மா சமையலறைக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த ஜூலைகளையும் அப்பா இப்படித்தான் கவனிக்காமலே கடந்தார்.

போன ஆண்டு அப்பாவின் இருதயம் பலவீனமானது. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். கடைசி வாரத்தில், சோதிக்க வந்த இளம் மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, இன்னும் ரெண்டு மூணு வருசம் இழுத்துக் குடுக்க முடியுமா? எனக்கு இருக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு.” எனக்கு அழுகை வந்தது. ஆனால் அது துக்கத்தால் மட்டும் வந்த அழுகை இல்லை.

அப்பாவுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கும், மருத்துவமனையில் எங்களோடு மாறிமாறித் துணையிருந்த பழனியம்மாள் குடும்பத்தாருக்கும், மலையிலிருந்து பேருந்து பிடித்து இறுதிச் சடங்குக்கு வந்த தோட்டத்து நண்பர்களுக்கும், ஊர் மாறும் முடிவில் ஒரு நாளும் என்னைக் குறை சொல்லாத அம்மாவுக்கும், திட்டிக்கொண்டே எல்லாப் பொங்கலுக்கும் வந்து நின்ற அத்தைக்கும் நன்றி.

இன்னும் வேண்டும் என்று கேட்டபடியே அப்பா போனார். அப்படிக் கேட்கும் இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்த உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.