தன் காலில் நின்ற எங்கள் அண்ணா

முருகப் பெருமானைக் கும்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அண்ணாவின் நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று சொந்தக்காரர் சொன்னார்கள். தேடிப் பார்த்தேன். பொய் எழுதினால் சாமி கேட்கும்.

அண்ணா வடமராட்சியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா இளவயதிலேயே காலமாக, அம்மா இடியப்பம் அவித்து விற்று எங்களை வளர்த்தார். சண்டைக் காலத்தில் குடியிருந்த வீடுவளவை விற்று அண்ணாவை ஜெர்மனிக்கு அனுப்பியதும் அம்மாதான். அங்கே படித்தார், அண்ணியைக் கைப்பிடித்தார், லிபரல் கட்சியில் சேர்ந்தார். முதலில் நகரசபை, பிறகு மாநிலப் பாராளுமன்றம். "ஒவ்வொருத்தரும் தன்ர காலில நிக்கவேணும்" என்பதுதான் அவருடைய மேடைப் பேச்சு. அம்மாவின் வளவில் ஏறி நின்று பேசிய பேச்சு அது. சுதந்திரம் என்ற சொல்லை அவரளவுக்குச் சொன்னவர் எங்கள் பரம்பரையில் இல்லை. அதனால் எவருக்கும் ஒரு கதவும் திறந்ததில்லை.

எனக்கு அபுதாபிப் பக்கம் ருவைஸ் எண்ணெய் ஆலையில் வேலை. அம்மா கண்மூடியபோது ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் நேரம். லீவு மாஃபி, இல்லவே இல்லை என்றார்கள். பாஸ்போட் கம்பனி அலுமாரியில். தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். கடைசி மகன் நான் இங்கே, அண்ணாவும் போகவில்லை; பெரியப்பாவின் மகன் வைத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையையாவது என் கையால் செய்யவேண்டும் என்று விரதமிருந்தேன்.

அதற்கிடையில் தொழிலாளர் நிலைமையைப் பார்வையிட ஜெர்மன் குழு ஒன்று எங்கள் கேம்புக்கு வந்தது. அதில் அண்ணாவும் இருந்தார். முதல்நாளே சுவரெல்லாம் வெள்ளையடித்து, எங்களுக்குப் புதுச் சட்டை தந்து வரிசையில் நிறுத்தினார்கள். என்னைக் கண்டதும் அண்ணாவின் முகம் மாறியது. பிறகு யாரோ ஒருவனுக்குப் போலக் கைகொடுத்தார்.

"அண்ணா, அம்மான்ர அந்தியேட்டிக்குப் போகோணும். பாஸ்போட் தரமாட்டினமாம். மனேஜர் உங்களுக்குப் பக்கத்திலதான் நிக்கிறார். ஒரு சொல் சொன்னாக் காணும்."

"சாப்பாடெல்லாம் எப்பிடி, தம்பி?"

நான் என்ன சொன்னேன் என்று குழுவினர் கேட்டார்கள். "ஹி இஸ் வெரி ஹாப்பி ஹியர்" என்றார் அண்ணா. அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் விளங்கும். படம் எடுத்தார்கள்.

அவர்கள் போனபின் என் அறையிலிருக்கும் இராமநாதபுரத்துத் தம்பி சொன்னான்: "அண்ணே, செவுத்துக்கு நேத்து வெள்ளையடிச்சாய்ங்க. உங்க அண்ணன் இன்னிக்கு வந்து ரெண்டாவது கோட்டிங் போட்டுட்டுப் போறாரு!"

அறையே சிரித்தது. நான் எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மாலையில் ஹோட்டலில் இருந்து அண்ணாவின் போன் வந்தது.

"குறை நினையாதை தம்பி. நான் அரசாங்க விருந்தாளி. சொந்தத் தம்பிக்காகக் கதைச்சா என்ர பேர் என்னாகும்?"

"எனக்காக வேண்டாம் அண்ணா. அம்மாக்காகக் கதைச்சிருக்கலாமே?"

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. நீதான் துணிஞ்சு கேக்கோணும். தன்ர காலில நிக்கப் பழகு."

அந்தியேட்டி நானில்லாமல் முடிந்தது. அண்ணா கைகொடுக்கும் படம் அவருடைய தேர்தல் துண்டுப் பிரசுரத்தில் வந்தது. அதில் எனக்குப் பெயரில்லை. 'ஒரு தொழிலாளி' என்று போட்டிருந்ததாம். அந்தத் தேர்தலில் அவரும் தோற்றார், கட்சியும் தோற்றது. கைதட்டியவர்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை என்று அண்ணி அழுதார். சென்ற ஆண்டு அண்ணா மாரடைப்பில் காலமானார்.

அண்ணாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கடமை என் தலையில் வந்தது. அதே மனேஜரிடம் அதே படத்தைப் போனில் காட்டி லீவு கேட்டேன். "அந்தப் பெரிய மனுசர் உன் அண்ணனா?" என்று எழுந்து நின்றார். அலுமாரி உடனே திறந்தது.

அஸ்தியை மடியில் வைத்துக்கொண்டே விமானத்தில் வந்த அண்ணிக்கும், என் டியூட்டியைப் பங்குபோட்டுப் பார்த்த அறைத் தம்பிமாருக்கும், சமைத்துப் போட்ட அயலவருக்கும் எங்கள் நன்றி. எழுந்து நின்ற மனேஜருக்கும் நன்றி.

கீரிமலைக் கடலில் அண்ணாவின் அஸ்தியைக் கரைத்தேன். கரையேறாமல் அங்கேயே நின்று, அம்மாவுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அண்ணாவால் அம்மாவுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.