பிசாசுப் பாட்டுக்குச் சவுண்ட் பார்த்த காலம்

மூன்றாவது பாட்டின் நடுவில் மேடைக்கு மின்சாரம் நின்றது. கூட்டம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. சவுண்ட் பார்க்கிறவனின் முகம் சபைக்குத் தெரிவது இந்த மாதிரி நேரங்களில்தான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பின்னால் நின்று பழகியவர்கள் இதற்குத் தலையாட்டுவீர்கள்: சத்தம் நன்றாக இருந்தால் பாடகன் கெட்டிக்காரன், கெட்டுப்போனால் குற்றவாளி நீங்கள்.

பெட்டி

மின்சாரத்தை நிறுத்தியது நான் அல்ல, சுவரில் இருந்த பெட்டி. சத்தம் அளவு மீறினால் அதில் சிவப்பு விளக்கு எரியும். பத்து விநாடி தொடர்ந்து எரிந்தால் மேடையின் மின்சாரத்தை அதுவே துண்டித்துவிடும். அந்த மேடை இருந்தது வீடுகளுக்குக் கீழே இருக்கிற ஒரு மதுச்சாலையில். ஞாயிறு பிற்பகல்களில் எங்கள் குழு அங்கே வாசித்தது. எங்கள் பாட்டுகளில் அமெரிக்கத் தெற்கின் சேற்றுநிலம், பிசாசு, பாவம், கொலையுண்ட காதலி என்று எல்லாம் உண்டு. பாடகன் தூரே, மேற்குக் கரை எண்ணெய் நகரமான ஸ்தவாங்கரைச் சேர்ந்தவன். இரண்டு வாரம் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வெல்டிங். கரையில் இருக்கும் நான்கு வாரமும் கறுப்புக் கோட்டுப் போட்ட பாதிரி வேஷம். இங்கர் பாலர் பாடசாலை ஆசிரியை. தன்னைவிட உயரமான, வயலின் வடிவப் பாஸ் வாத்தியத்தைச் சரித்து அதன்மேல் ஏறி நின்று வாசிப்பாள்.

மூன்றாவது பாட்டு ஆற்றங்கரையில் ஒரு பெண் கொலையாவதைப் பற்றியது. கொலை நடக்கிற இடத்தில் தூரே அலறுவான், பெட்டி சிவக்கும், எல்லாம் நிற்கும். நின்ற பாட்டை அவன் அன்றைக்கு மறுபடி தொடமாட்டான், அது சகுனமாம். மதுச்சாலைக்காரி பேரித் கணக்காகப் பேசுகிறவள். மேல்மாடியில் குடியிருக்கும் ஆர்னேயிடமிருந்து இரண்டு முறைப்பாட்டுக் கடிதம் வந்திருப்பதாகச் சொன்னாள். மூன்றாவது வந்தால் ஞாயிற்றுப் பாட்டும் இல்லை, நானும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த என் மனைவி வாசுகியை விசாவில் இங்கே கூப்பிட எனக்கு மதுச்சாலையின் நிரந்தர வேலைக் கடிதம் ஒன்று தேவைப்பட்டது. அதை எழுதிப் பேரித்திடம் கொடுத்திருந்தேன். ஈஸ்டர் வரை ஆர்னே பேசாமல் இருந்தால் கையெழுத்திடுவதாகச் சொல்லி, இழுத்துத் திறக்கிற மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டாள். இதையெல்லாம் தூரேயிடம் விளக்கி, அலறலைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டேன். அவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னான்: "பிசாசுகூடப் பாட்டை முடிக்கவிட்டுத்தான் ஆளைத் தூக்கும்."

சவப்பெட்டி

முதல் பாட்டுக்குத் தூரே சவப்பெட்டிக்குள்ளிருந்து எழும்பி வருவான். ஒட்டுப்பலகையில் அவனே செய்த பெட்டி. மதுச்சாலையின் சாமான் அறைக்கு வர்ணம் பூசிய வாரம் அதை வைக்க இடமில்லாமல் நகரின் ஓரத்தில், குரோருட்டில் என் வீட்டுக்குக் கொண்டுபோனோம். லிஃப்டுக்குள் அடங்கவில்லை. இங்கர் தலைமாட்டைப் பிடிக்க, நான் கால்மாட்டைப் பிடிக்க, மூன்று மாடி ஏறினோம்.

இங்கருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஒரு மணித்தியாலத்தில் கதவு மணி அடித்தது. கீழ்வீட்டுக் கனகாக்கா கையில் சோற்றுப் பானை. பின்னால் அவரின் புருஷன் வெள்ளைச் சட்டையோடு, கையில் பருப்புச் சட்டி. செத்த வீட்டில் அடுப்பு எரிக்கக்கூடாது, அயலவர்தான் சமைத்துக் கொடுக்கவேண்டும். "செத்தது ஆர் தம்பி?" என்று என் கையைப் பிடித்தார். "ஊரிலையா, இஞ்சையா?" அது மேடைச் சாமான் என்று நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணைத் துடைத்தபடி கேட்டார். பிறகு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். சவப்பெட்டிமேல் கால்மேல் கால் போட்டபடி இங்கர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கனகாக்கா கொஞ்சம் யோசித்தார். "செத்த வீட்டுக்கெண்டு சமைச்சதைத் திருப்பிக் கொண்டுபோகேலாது. அந்தப் பிள்ளையையாவது சாப்பிடச் சொல்லும்."

தொலைபேசி

வாசுகி ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போய் அங்கிருந்து எனக்குத் தொலைபேசி எடுப்பாள். ஒருமுறை ஒத்திகை நேரம் எடுத்துவிட்டாள். வேலைக் கடிதம் கிடைத்துவிட்டதா என்று கேட்டாள். ஈஸ்டருக்குக் கிடைக்கும் என்றேன். பின்னால் தூரே தன் ஆன்மாவைப் பிசாசுக்கு விற்றுக்கொண்டிருந்தான். அவளுக்கும் அது கேட்டது. பேரம் முடிகிற பாடில்லை. "என்னோடை பிறகு கதைக்கலாம். முதல்லை அந்தாளுக்கு ஆராவது தண்ணி குடுங்கோ."

புகை

புகை இயந்திரம் பழுதான ஞாயிறு, மூடுபனி இல்லாமல் சேற்றுநிலம் எப்படி என்று தூரே முகத்தைத் தொங்கவிட்டான். நான் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடுகிறவன். தட்டு, சிரட்டைக் கரி எல்லாம் கொண்டுவந்து சவப்பெட்டிக்குள் ஒரு மூலையில் வைத்தேன். பெட்டி திறந்தபோது தூரே இருமிக்கொண்டு எழும்பிய அழகை எந்த இயந்திரமும் தந்திருக்காது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த நிமிடம் தீ மணி அடித்தது.

எல்லோரும் பனிக்குள் போய் நின்றோம். கம்பளிச் செருப்போடு ஆர்னேயும் இறங்கி வந்து நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூன்றாவது கடிதம் நாளைக்கே வரும் என்று நினைத்துக்கொண்டேன். தீயணைப்புக்காரர்களில் மூத்தவர் உள்ளே போய்க் குனிந்து முகர்ந்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "உங்கள் கோயிலுக்கு இதே மணத்துக்காக இரண்டு தரம் வந்திருக்கிறேன். அங்கே வடை தந்தார்கள்."

மேல்மாடி

கடிதம் வரவில்லை. ஈஸ்டருக்கு முந்திய ஞாயிறு வந்தது. அன்றைக்கு நான் சத்தத்தை எவ்வளவு குறைத்தேன் என்றால், ஆட்கள் பியர்க் கிளாஸை மேசையில் வைப்பது பாட்டைவிட உரத்துக் கேட்டது. இங்கர் வாத்தியத்தின்மேல் நின்றபடி என்னைப் பார்த்து முறைத்தாள். விளக்கு பச்சையிலேயே இருந்தது. இரண்டாவது பாட்டு முடிகிறபோது கதவு திறந்து ஆர்னே உள்ளே வந்தார், அதே கம்பளிச் செருப்பு. நேரே பேரித்திடம் போனார். என் கண்ணுக்கு முன்னால் வாசுகியின் பயணம் ரத்தானது.

"இரண்டு கடிதம் எழுதினேன்," என்றார். "வாசித்தாயா?"

பேரித் வாசித்திருக்கவில்லை. 'ஞாயிற்றுப் பாட்டுத் தொடர்பாக' என்ற தலைப்போடு நிறுத்தி, லாச்சிக்குள் போட்டிருந்தாள்.

"ஒவ்வொரு முறையும் பாட்டு பாதியில் நிற்கிறது. இன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஆற்றங்கரையில் அந்தப் பெண்ணைக் கொன்றது யார் என்று இரண்டு மாதமாக எனக்குத் தெரியாது."

தூரே மைக்கைக் கழற்றிக் கீழே வைத்தான். இங்கர் வயரைப் பிடுங்கினாள். வெறும் தொண்டையிலும் மரத்திலும் மூன்றாவது பாட்டு தொடங்கியது. அலறல் வந்தது, விளக்கு மஞ்சளுக்குப் போய்த் திரும்பியது. கடைசிவரை பாடினார்கள். கொன்றது பாதிரிதான். ஆர்னே கதிரையில் சாய்ந்தார். "அப்படித்தான் நினைத்தேன்," என்றார்.

சத்தத்தை அடக்கி வேலையைக் காப்பாற்றப் பார்த்த என்னை, என் கை எந்தப் பொத்தானிலும் இல்லாத ஒரே பாட்டுத்தான் காப்பாற்றியது. கைதட்டலுக்கு நடுவில் பேரித் லாச்சியைத் திறந்தாள், மேசை ஈரத்தைச் சட்டைக் கையால் துடைத்தாள், என் கடிதத்தை விரித்துக் கையெழுத்திட்டு மிக்ஸரின் ஓரத்தில் வைத்துவிட்டு, ஆர்னேக்குப் பியர் ஊற்றப் போனாள்.