பெருக்கிய காடு

நேற்று ஒரு கட்டிலில் யார் படுத்திருந்தார் என்பது இன்று வருகிறவருக்குத் தெரியக் கூடாது. அவளுடைய தொழில் அவ்வளவுதான். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரிய ஓட்டலில், அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு அவள் மேற்பார்வையாளர். படுக்கை விரிப்பின் மூலையைக் கடித உறை மாதிரி மடிப்பாள். குளியலறைக் கண்ணாடியை நேராகப் பார்க்க மாட்டாள், பக்கவாட்டில் நின்று பார்ப்பாள். அப்போதுதான் விரல் பட்ட இடம் தெரியுமாம். வேலை முடிந்ததும் தரைவிரிப்பில் தன் காலடி கூடத் தெரியாதபடி பின்பக்கமாகவே நடந்து வெளியே வருவாள். “இந்த ரூமுல இதுவரைக்கும் யாருமே தூங்கினதில்லைன்னு வர்றவங்க நம்பணும்” என்பது புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடம். ஓட்டலில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் அவள் காதில் விழுந்து, பிடித்தும் போய்விட்டது.

இப்படிப்பட்டவளுக்குக் கடவுள் பார்த்துப் பார்த்து ஒரு கணவரைக் கொடுத்திருந்தார். பேக்கரி வேன் ஓட்டுகிறவர். நல்ல மனிதர், அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பு ஒன்று வாசலிலும் மற்றொன்று அலமாரிக்கு அடியிலும் கிடக்கும். துண்டு நாற்காலியில், சாவி சோப்புப் பெட்டியில், செய்தித்தாள் வீடு முழுக்க. அவர் போன பாதையைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு போகிறாள், அவர் முன்னாலேயே போட்டுக்கொண்டு போகிறார். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு இந்த ஊர்வலத்தைப் பார்க்கக் கூட வீட்டில் ஆள் இல்லை.

அவள் காட்டுக்குப் போக ஆரம்பித்த கதையும் சுத்தத்தில்தான் தொடங்கியது. ஒரு நாள் ஓட்டலின் சிறிய கூட்ட அறையை யாரோ வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் துடைப்பம், வாளியோடு உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். நாற்காலிகள் அவள் போட்டு வைத்த மாதிரியே வரிசையாக இருந்தன. மேஜையில் ஒரு ரொட்டித் துணுக்கு இல்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு விருந்தாளியை அவள் பார்த்ததே கிடையாது. வெளியே ஓடி, லிஃப்ட்டுக்காக நின்றுகொண்டிருந்தவரைப் பிடித்து நீங்கள் எல்லாம் யார் என்று கேட்டாள். அவர் பல் டாக்டர். வார இறுதியில் காட்டில் தங்குகிற ஒரு சங்கத்தின் செயலாளர். தங்கின இடத்தில் தங்கின அடையாளமே இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் ஒரே சட்டம், கூட்ட அறையிலும் அது கைப்பழக்கமாக வந்துவிட்டது என்றார். மடிப்பக்காவுக்கு ஜென்மாந்திரச் சொந்தக்காரர்களைக் கண்ட மாதிரி இருந்தது. அந்த வாரமே பெயர் கொடுத்துவிட்டாள்.

போன பிறகுதான் தெரிந்தது, அவள் தேடியது சுத்தத்தை அல்ல என்று. இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி அதன்மேல் தார்ப்பாயைப் போட்டால் ஒரு வீடு! வாசல் எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம். கத்தியால் மரத்துண்டைச் சீவிச் சீவி ஒரு கரண்டி செய்தாள். அதில் குழம்பு நிற்காது, பக்கவாட்டில் ஒழுகும், இருந்தும் மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். ஈரக் குச்சியின் பட்டையை உரித்து உள்ளே உலர்ந்த பகுதியைச் சுருள் சுருளாகச் சீவி நெருப்பு மூட்டக் கற்றபோது, சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள். எல்லாவற்றையும் விடப் பெரிய சுகம், படுக்கை. சருகைக் குவித்து அதன்மேல் ஒரு போர்வை. காலையில் எழுந்தால் அதை மடிக்க வேண்டாம், இழுத்து விட வேண்டாம், அடுத்து யார் வருகிறார் என்று யோசிக்க வேண்டாம். திங்கட்கிழமை அவள் நடையிலேயே ஒரு துள்ளல் இருக்கும். தள்ளுவண்டியைத் தள்ளும்போது விசில் அடிக்கிறாள் என்று கூட ஒரு புகார் வந்தது.

நாத்தனார்தான் நொடித்துக்கொண்டாள். கூரை போட்ட வீட்டை விட்டுவிட்டுக் காட்டில் போய்ப் படுப்பானேன், எங்கள் வம்சத்திலேயே இல்லாத வழக்கம் என்று போகிற இடமெல்லாம் சொன்னாள். மடிப்பக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். போட்டுக்கொண்டாள், பதிலையும் தயாராக வைத்திருந்தாள், சொல்ல நேரம்தான் வரவில்லை.

இந்தச் சந்தோஷத்தில்தான் மண் விழப் பார்த்தது. சங்கம் தங்கும் தோப்பு வனத்துறைக்குச் சொந்தம். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் எட்டிவிடுகிற தூரத்தில் இருந்த ஒரே காடு அதுதான். வேறு ஏதோ ஒரு கும்பல் அங்கே வந்து ஆட்டம் போட்டு, பாட்டிலை உடைத்து, மரத்தடியில் நெருப்பு வைத்துக் கரியாக்கிவிட்டுப் போயிருந்தது. வனத்துறை ரேஞ்சருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இனி யாருக்கும் அனுமதி கிடையாது என்றார். பல் டாக்டர் ரேஞ்சர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். நாங்கள் தங்கினால் தங்கின இடமே தெரியாது என்று வாதாடினார். கடைசியில் ரேஞ்சர் ஒரு பந்தயம் வைத்தார். சனிக்கிழமை தங்குங்கள், ஞாயிறு மதியம் நான் வருவேன், எங்கே நெருப்பு மூட்டினீர்கள் என்று நான் காட்டிவிட்டால் தோப்புக்குப் பூட்டு, காட்ட முடியாவிட்டால் வருஷம் முழுக்க அனுமதி.

தடம் அழிக்கிற பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியே எழவில்லை. எல்லோரும் மடிப்பக்காவைப் பார்த்தார்கள். அவளும் ஆகட்டும் என்றாள். ஆனால் தோப்பு போனால் சங்கம் கலைந்துவிடும், அவளுக்கு மிஞ்சுவது தள்ளுவண்டியும் தாழ்வாரமும்தான். ஐம்பதை நெருங்கும்போது கையில் கிடைத்த சந்தோஷம். அதைத் தன் கையாலேயே தொலைத்துவிடுவோமோ என்று பயந்தாள்.

நெருப்புக் குழியை அவளே வெட்டினாள். மேல் மண்ணைப் புல்லோடும் பாசியோடும் முழுசாகப் பெயர்த்து, நிழலில் ஈரத் துணி போர்த்தி வைத்தாள். ஞாயிறு காலை எல்லோருக்கும் தேநீர் கொதித்து முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைத்து, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்து, பொடித்துத் தூரமாகப் பரப்பி, மண்ணை நிரப்பி, புல்லை ஒரு இம்மி பிசகாமல் பழைய இடத்தில் பொருத்தினாள். அதுவரை எல்லாம் பிரமாதம். அதோடு விட்டிருக்கலாம். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? துடைத்த கை எப்படி இருக்கும்? படுத்த இடத்துச் சருகெல்லாம் நசுங்கிக் கிடந்தது, அதை அள்ளினாள். பக்கத்தில் இருந்த சருகு இதோடு பொருந்தவில்லை, அதையும் அள்ளினாள். ஒடிந்த குச்சிகளைப் பொறுக்கினாள். விழுந்து கிடந்த ஒரு கிளையைத் துடைப்பமாக்கிக் கூட்டினாள். சங்கத்து ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அவர்களில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, அக்கா கை பட்டால் காடு கூடப் பளபளக்கிறது என்று மெச்சினான். கடைசியில் அவள் பின்பக்கமாகவே நடந்து பாதைக்கு வந்து சேர்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து அவள் கணவர் வந்தார். கடைகளுக்கு ரொட்டி எல்லாம் போட்டு முடித்துவிட்டு, மூட்டை முடிச்சுகளை ஏற்றிப் போக வேனைக் கொண்டுவந்திருந்தார். பாதையின் முனையில் நின்று ஒரு கொட்டாவி விட்டார். அப்புறம் கையை நீட்டினார்.

“ஏம்மா, அங்கதானே படுத்திருந்தீங்க?”

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள்.

“இந்தக் காட்டுலயே அங்க மட்டும்தானே பெருக்கியிருக்கு. நம்ம வீட்டு ஹால் மாதிரி இருக்கே.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனிதர் சொன்னது சத்தியம். சுற்றிலும் சருகும் சுள்ளியும் எறும்புப் புற்றும் தாறுமாறாகக் கிடக்க, நடுவில் வட்டமாக ஒரு வரவேற்பறை. ஒரு சோபாதான் பாக்கி. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்களே, அந்த நஞ்சை அவள் துடைப்பம் வைத்துக் கூட்டிச் சேர்த்திருந்தாள். பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ரேஞ்சர் எந்த நேரமும் வரலாம்.

அவள் ஓடிப்போய், அள்ளிய குவியலிலிருந்து ஒரு கை சருகை எடுத்துப் போட்டாள். பிறகு இன்னொரு கை. போட்டதைப் பார்த்தால் அழுகைதான் வந்தது. ஒவ்வொரு சருகும் ஒரே இடைவெளியில், தலையணை வைத்த மாதிரி விழுந்திருந்தது. ஒன்று கோணலாக விழுந்தால் அவள் விரல் தானாகப் போய் நேராக்கியது. கணவர் பக்கம் திரும்பினாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவரிடம் சொல்லியிராத ஒன்றைச் சொன்னாள்.

“எனக்குக் கலைக்கத் தெரியலைங்க. நீங்க சொல்லிக் குடுங்க.”

அவர் ஒரு கணம் திகைத்தார். மனைவியிடம் தன் திறமைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று கனவு கூடக் கண்டதில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“யோசிச்சுப் போடாத. கையில எடு, வேற எதையாவது பேசிக்கிட்டே விட்டுடு. நான் அப்படித்தான்.”

வேறு எதைப் பேசுவது? வாயில் வந்தது நாத்தனார்தான். கூரை போட்ட வீட்டைப் பற்றி அந்தம்மா சொன்னதை ஆரம்பித்தாள், தயாராக வைத்திருந்த பதில்களை ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள், கூடவே சருகையும் விட்டாள். பேச்சில் சூடு ஏற ஏறச் சருகு எட்டுத் திக்கும் பறந்தது. அடடா, என்ன அழகான அலங்கோலம்! தன் சொந்த அக்காவைப் பற்றிய பேச்சு என்பதால் கணவர்தான் நெளிந்தார், வேறு விஷயம் பேசேன் என்றார், அவள் கேட்கவில்லை. சங்கத்து ஆட்களும் அவரவர் வீட்டுக் கதையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். முடிதிருத்தும் தம்பி மாமனாரைத் திட்டிக்கொண்டே ஒரு அள்ளு அள்ளி எறிந்ததில் பாதி பல் டாக்டர் தலையில் கொட்டியது. அவர் திருப்பி எறிந்தார். பெரிய மனிதர்கள் எல்லோரும் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் குப்பையை வீசினார்கள். அவள் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாகக் குப்பை போட்டதில்லை.

பிறகு திடீரென்று எல்லோரையும் நிறுத்தினாள். கண்ணாடியைப் பார்ப்பது போலவே கீழே குனிந்து, பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தாள். சில சருகுகள் கறுப்பாகத் தெரிந்தன. ஈரமான அடிப்பக்கம் மேலே வந்திருந்தது. அதை மட்டும் புரட்டிப் போடச் சொன்னாள். இது தனக்குத் தோன்றியே இருக்காது என்று கணவர் ஒப்புக்கொண்டார். அவர் எல்லோர் எதிரிலும் அதைச் சொன்னது அவளுக்கு இனித்தது.

ரேஞ்சர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு பிரம்பு, முகத்தில் சிரிப்பின் நிழல் கூட இல்லை. வணக்கம் சொன்னவர்களுக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு வேலையில் இறங்கினார். ஓடைக்கரையில் மணலைக் கிளறினார். ஒரு பாறையைத் தடவி விரலை மோந்து பார்த்தார். பெரிய மரத்தடியில் உட்கார்ந்து வேரைச் சுற்றித் தட்டினார். மரப்பட்டைகளில் கயிறு அழுத்தின தடம் இருக்கிறதா என்று தேடினார்; கயிற்றுக்கு அடியில் துணி சுற்றியிருந்ததால் அதுவும் அகப்படவில்லை. ஒரு முறை அவள் பொருத்திய புல்லின் மேலேயே மிதித்துக்கொண்டு போனார். பல் டாக்டர் வானத்தைப் பார்த்தார். மடிப்பக்கா கணவரின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள், விடவில்லை.

சுற்றிச் சுற்றி வந்ததில் மனிதருக்குக் கால் ஓய்ந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார். தோப்பின் நடுவில் ஓர் இடம் பார்த்துச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தோற்றுப்போனதில் அவருக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை, முகம் கொஞ்சம் இளகிக் கூட இருந்தது. சரி, அனுமதி தந்தேன், வருஷம் முழுக்க வாருங்கள் என்றார். யாரோ விசில் அடித்தார்கள். ரேஞ்சர் கையை உயர்த்தினார்.

“ஆனா எனக்குத் தூக்கம் வராது. சொல்லுங்கம்மா, அடுப்பு எங்கதான் இருந்துச்சு?”

மடிப்பக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பெரிய அதிகாரி, மரியாதை குறையக் கூடாது. கைகளைக் கட்டிக்கொண்டு, ஓட்டலில் விருந்தாளியிடம் பேசுகிற அதே பணிவான குரலில் சொன்னாள்.

“கொஞ்சம் எந்திரிங்க சார்.”