கஸ்டம்ஸ் ஷெட்டில் ஒரு பை மண்

கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லுவது இதுதான்: அவசரப்படுகிற பார்ட்டியை நம்பாதே. எழுபதுகளில் கொச்சித் துறைமுகத்தில் இதை வைத்துத்தான் பிழைத்தேன். பால் பவுடர் டின்னில் தங்கம் வந்த காலம் அது. அழுதுகொண்டு வருகிறவனை இரண்டு மடங்கு சந்தேகப்படுவோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மட்டாஞ்சேரி யூதத் தெரு ஐசக் எங்கள் கொச்சங்காடி ஆபீசுக்கு ஓடி வந்தார். இஸ்ரேலுக்குக் குடிபோன அவருடைய அக்கா அனுப்பிய பார்சல், முந்தின நாள்தான் கப்பலிலிருந்து இறங்கி கஸ்டம்ஸ் ஷெட்டில் கிடந்தது. அதை வெளியே எடுக்க வேண்டியது எங்கள் வேலை.

"சுந்தரம், இன்னைக்கே அது வேணும். சந்தியா நேரத்துக்கு முன்னாடி வேணும். காலையில அப்பா மரிச்சுப் போனார்."

பார்சல் நேற்று இறங்குகிறது, அப்பா இன்று சாகிறார். கணக்கு இவ்வளவு கச்சிதமாக இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. நம் வீட்டில் அப்பா செத்தால் மகன் வாசலைத் தாண்டுவானா?

"என்ன இருக்கு அதுல?"

"மண்ணு."

முதலாளி ராவுத்தர் என்னைத் தனியே இழுத்தார். "எடோ, மண்ணுக்கு எவனாவது இப்படி ஓடி வருவானா? நம்ம லைசென்ஸ் போயிடும். கூடப் போ. கண்ணை மட்டும் எடுக்காதே."

ஷெட்டில் இருந்த எக்ஸாமினர் மேனன் ஸார் எங்களையெல்லாம் மிஞ்சிய சந்தேகப் பேர்வழி. துணிப்பையை அவிழ்த்து மண்ணை நியூஸ்பேப்பரில் கொட்டி, விரல்களால் கிளறினார். தேய்த்தார், முகர்ந்தார். பையின் தையலையும் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அதில் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"வெளிநாட்டு மண்ணு கொண்டுவரவே கூடாது. செடிக்கு நோய் வரும். பெர்மிட் இருக்கா? இல்லேன்னா இதை அழிக்கணும்."

ஐசக் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஸாரே, இது எருசலேம் மண்ணு. எங்க ஆளுங்க மரிச்சா தலைக்கடியில ஒரு பிடி வைப்போம். அப்பா இதுக்குத்தான் காத்துக் கிடந்தார். இன்னைக்குச் சூரியன் போனா சாபத், எங்க ஓய்வு நாள் தொடங்கும், அப்புறம் அடக்க முடியாது."

"அப்பா பிறந்தது எவிடே?"

"இங்கதான், மட்டாஞ்சேரியில."

"அப்போ இந்த ஊர் மண்ணு போதாதோ?"

"போதும் ஸாரே. கொடுங்கல்லூர்லேருந்து எங்களைத் துரத்தினப்போ, கொச்சி ராஜா அரண்மனைக்குப் பக்கத்துலேயே இடம் கொடுத்தார். அப்பாவை மேல மூடப் போறது அந்த மண்ணுதான். தலைக்கடியில மட்டும் ஒரு பிடி, எங்க ஆளுங்க முதல்முதல்ல விட்டுட்டு ஓடி வந்த ஊரோட மண்ணு."

இது பொய்யில்லை என்று எனக்குப் பட்டது. மேனன் ஸார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

"ஸார், அழிக்கிறதுன்னா எப்படி?" என்று கேட்டேன். "புழு வெச்ச பேரீச்சம்பழத்தை அன்னைக்குக் குழி வெட்டிப் புதைச்சோமே, நீங்க பக்கத்துல நின்னு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நானும் வருவேன். மூடி முடியுறவரை அங்கேயே நிப்பேன். ஒரு தரி மண்ணு வெளியே போகக் கூடாது."

வழி முழுக்க அந்த நியூஸ்பேப்பர் பொட்டலத்தை அவர் தன் மடியிலேயே வைத்திருந்தார். யூதர் கல்லறையில் குழிக்குப் பக்கத்தில்தான் ஐசக் கையில் கொடுத்தார். வெயில் மதில்மேல் ஏறிவிட்டது. ஐசக் குனிந்து மண்ணைத் தன் அப்பாவின் தலைக்கடியில் வைத்தார்.

அதற்குப் பிறகும் அவசரப்படுகிற பார்ட்டியை நான் சந்தேகப்படத்தான் செய்தேன். சோறு போடுகிற புத்தியை விட முடியுமா? ஆனால் 'என்ன இருக்கு' என்று கேட்பதற்கு முன்னால் 'எதுக்கு' என்று கேட்கப் பழகிக்கொண்டேன். நீங்களும் அப்படியே கேளுங்கள்.

மேனன் ஸார் விஷயத்தில் மட்டும் என் சந்தேகம் தீரவில்லை. மற்றவர்கள் மண் தள்ள ஆரம்பித்ததும் அங்கே எல்லாரும் தலையை மூடியிருந்தது போல அவரும் கைக்குட்டையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். நியூஸ்பேப்பரைக் குழிக்குள் உதறினார். பிறகு மண்டி போட்டு உட்கார்ந்து, நகத்திடுக்கில் ஒட்டியிருந்த மண்ணையும் ஒவ்வொரு விரலாகக் குழிக்குள் தட்டிவிட்டார். சட்டத்துக்காகவா, வேறெதற்காகவா என்று நான் கேட்கவில்லை.