இரவல் எலும்புகள்

மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கம்பஸ் திங்கட்கிழமை திறக்கிறது என்று வானொலியில் சொன்னார்கள். உடனே வெள்ளைக் கோட்டைத் தோய்த்துக் கஞ்சி போட்டேன். மருத்துவத்தில் எனக்கு அது முதல் வருடம். தவணை தொடங்கும் கிழமையே எலும்புகளில் வாய்மொழிச் சோதனை. கலவரத்தோடு கொழும்பில் காணாமல் போன அண்ணைக்குப் பிறகு, வீட்டுக்கு மிஞ்சியிருந்தது என் படிப்பு ஒன்றுதான். ‘அண்ணை காணாமல் போனார்’ என்றுகூட அம்மா சொல்லவிடமாட்டார். செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்வோமா என்று கேட்ட மாமாவைப் படலைக்கு வெளியே துரத்தியவர் அவர்.

எலும்புகள் மூத்த மாணவி ஒருத்தி இரவல் தந்தவை. அவற்றை வீட்டுக்குள் எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. தோட்டத்தில், வாழைகளுக்கு நடுவே இருந்த கொட்டிலில் உரப்பையில் கட்டித் தொங்கவிட்டு, அங்கே போய்ப் படிப்பேன். கம்பஸ் இனித் திறக்காது என்று மனம் விட்டுப்போய், சில கிழமைகளாக அந்தப் பக்கம் போகவில்லை.

போய்ப் பார்த்தால் பையைக் காணோம். நாய் இழுத்திருக்குமோ என்று வாழையடியெல்லாம் சருகு கிளறினேன். மனித எலும்பு வாங்கச் சந்தியில் கடையா இருக்கிறது? அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“கீரிமலைக் கடலிலை கரைச்சாச்சு,” என்றார், தலை நிமிராமல். “ஐயரைக் கொண்டு அந்தியேட்டியும் செய்விச்சனான்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடான் என்பார்கள். அரசாங்கம் திறந்த கம்பஸை அம்மா பூட்டிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்களுக்கென்ன விசரே? அது இரவல் எலும்பம்மா! சோதினைக்கு நான் என்னத்தைத் தொட்டுப் படிக்கிறது? அந்த அக்காவுக்கு என்ன மறுமொழி சொல்லுறது?”

அம்மாவின் கை நின்றது. “நீதானே பிள்ளை சொன்னனி, இளம் பெடியன் எண்டு.”

சொன்னேன்தான். ஒருநாள் கொட்டிலுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மா, இது ஆணோ பெண்ணோ என்று கேட்டார். படித்ததைக் காட்டும் பெருமையில் இடுப்பெலும்பைக் காட்டி ஆண் என்றேன்; கழுத்தடிக் காறை எலும்பைத் தூக்கிக் காட்டி, நுனி இன்னும் ஒட்டவில்லை, இருபத்துமூன்று வயதுக்கு மேல் இராது என்றேன். அண்ணைக்கும் அதே வயதுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

“அவனையும் ஆரோ ஒரு தாய் தேடிக்கொண்டிருப்பாள். வாழைக்குள்ளை தொங்க விடேலுமே?” அம்மா தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தார். “என்ரை பிள்ளைக்கும் அங்கை ஆரேனும் எள்ளுந் தண்ணியும் இறைச்சிருப்பினம்.”

அம்மாவின் வாயால் அண்ணை செத்தது அன்றைக்குத்தான். கத்த வந்த நான் அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.