கையைத் தேடி வந்த பூச்சிகள்

போன சனிக்கிழமை மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, செவன் கிங்ஸ் பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். ஓக் மரக்கிளையொன்றில் கூடாரம்போல மடித்த சின்ன அட்டைப்பெட்டி தொங்கியது. பூச்சி பிடிக்கும் பொறி. என்னை அறியாமலே வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. உங்களுக்காவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் லண்டனுக்கு வந்த புதிது. எப்பிங் காட்டோரத் தெருவொன்றில், மன்னாரைச் சேர்ந்த றீற்றா அக்கா வீட்டு மேலறையில் இருந்தேன். அகதி வழக்கு முடியவில்லை. வேலை செய்ய அனுமதியில்லை. படுத்தபடி கூரையைப் பார்ப்பதுதான் தொழில். யூன் மாதத்தில் ஒருநாள், எறிக்கிற வெயிலுக்குள் மழைச் சத்தம் கேட்டது. பின்வளவுக்கு ஓடினேன். துளி நீரில்லை. ஓக் மரம் பாதி மொட்டை. மிஞ்சிய இலையெல்லாம் மயிர்க்கொட்டிப் புழுக்கள். தின்று தின்று அவை போடும் எச்சம் கீழே சருகில் பொலபொலவென்று விழுந்துகொண்டிருந்தது. ஊரில் முருங்கை மரத்தில் மயிர்க்கொட்டி பார்த்தவன்தான். ஆனால் அவை தின்பதைக் காதால் கேட்டது அன்றுதான்.

தெருவார் ஒரு குழு அமைத்தார்கள். தலைவி பக்கத்து வீட்டு கரோல், ஓய்வுபெற்ற நர்ஸ். ஏணியில்லாமல் கிளையைத் தொடுவேன் என்பதற்காக என்னையும் சேர்த்துக்கொண்டார். எனக்கும் உள்நோக்கம் இருந்தது. சமூகசேவை செய்ததற்கான கடிதம் வழக்குக்கு உதவும் என்று லோயர் சொல்லியிருந்தார். மரத்தில் எனக்கிருந்த அன்பு அவ்வளவுதான்.

முதலில் மரங்களைச் சுற்றிச் சாக்குக் கட்டி, அதற்குள் ஒதுங்கும் மயிர்க்கொட்டிகளைச் சவர்க்காரத் தண்ணீரில் தட்டினோம். யூலையில் தப்பியவற்றுக்குச் சிறகு முளைத்தது. ஜிப்சி மாத் என்கிற அந்துப்பூச்சி என்றார்கள். பெண் வெள்ளை, பறக்காது. மரத்தில் இருந்தபடியே ஒரு மணத்தை விட்டு ஆணைக் கூப்பிடும். அந்த மணத்தைச் செயற்கையாகச் செய்து றப்பர் துண்டுகளில் ஏற்றிப் பொறிக்குள் வைப்போம். மனித மூக்குக்கு ஒன்றும் தெரியாது. கரோல் கையுறை போடச் சொன்னார். அது என் கைக்குச் சின்னன். வெறுங்கையாலேயே தெரு முழுக்க வைத்து முடித்தேன்.

மறுநாள் மத்தியானம் மண்ணிறப் பூச்சியொன்று நேரே வந்து என் கையைச் சுற்றியது. பிறகு இன்னொன்று. பஸ் தரிப்பிடத்தில் வந்தன. ஞாயிற்றுக்கிழமை அக்காவை விடப்போன தேவாலய வாசலிலும் வந்தன. தேசிக்காய் தேய்த்துக் குளித்தேன். அப்போதும் வந்தன.

அக்கா ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, உங்களோட ஆரோ வருகினம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு இரண்டு தம்பிமார். சண்டைக்காலத்தில் மன்னாரிலிருந்து இந்தியாவுக்கு வள்ளம் ஏறியவர்கள். போய்ச் சேர்ந்த செய்தி வரவேயில்லை.

அதன்பின் தினமும் மூன்று மணிக்குத் தேத்தண்ணி ஊற்றி, என்னைப் பின்வளவுக் கதிரையில் இருத்தி, "கையை நீட்டுங்கோ" என்பார். பூச்சிகள் வரும். அவற்றோடு குசுகுசுவென்று கதைப்பார். ஒருநாள் ஒன்றுதான் வந்தது. என் விரல் நுனியில் சிறகு நடுங்க நின்றது. அக்கா குனிந்து கேட்டார்:

"மற்றவர் எங்கை?"

பதிலுக்கு நானும் காத்திருந்தேன்.

அது உறைத்ததும் கரோலிடம் ஓடினேன். என் உள்ளங்கையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மணம் ஆளில் ஊறினால் போக வருடக்கணக்காகுமாம். பாவம், பெண்சாதி தேடி வருகிறார்களாம்.

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை.

"ஓம், விளங்குது." கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "நாளைக்கும் மூண்டு மணிக்கு நிப்பியள்தானே?"

நின்றேன். மூன்று கோடைகள் நின்றேன். காலையில் பொறிகளைத் திறந்து, பசையில் ஒட்டிச் செத்தவற்றைக் கரோலுக்கு எண்ணிச் சொல்லிப் பைக்குள் போடுவேன். பின்னேரம் அதே கையை நீட்டுவேன். பையைக் கண்டால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாளும் பொறி வைப்பதை விடச் சொன்னதில்லை. நானும் விடவில்லை. வழக்கு வென்றது, கரோலின் கடிதத்தை ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

நாலாம் கோடையில் ஒரேயொரு பூச்சி வந்தது. சுற்றிப் பார்த்தது, இருக்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு எதுவுமில்லை. ஓக் மரங்கள் பழையபடி தழைத்தன. கரோல் கடற்கரைப் பக்கம் குடிபோனார். அக்கா வீட்டை விற்றுவிட்டு ரொறன்ரோவில் மகளோடு இருக்கிறார். தெருவில் இப்போது அந்தக் குழுவைத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

ஒவ்வொரு யூலையிலும் அக்கா போன் எடுப்பார். முழங்கால் வலி, மீன் விலை, மருமகனின் குறட்டை எல்லாம் முடிந்தபின், குரலைத் தாழ்த்தி, "அவை இப்பவும் வருகினமோ?" என்று கேட்பார்.

"ஓம் அக்கா," என்பேன். "நேற்றும் வந்தவை."